கொடுத்து வைத்தவர்

அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்திருந்தது. மிராசுதார் சாம்பமூர்த்தியின் களஞ்சியத்தில் பழைய நெல் நிறைந்திருந்தது. அதை விளைவித்தவர்களின் சேரியில் அடுப்பு எரியவில்லை.

அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்று, அவர் கொட்டிலில் சாணி அள்ளும் காத்தாயி பந்தலின் ஓரத்தில் வந்து நின்றாள்.

"ஆண்டே, சேரியில புள்ளைங்க சுருண்டு கெடக்குதுங்க. என் சின்னது கண்ணே தொறக்கல. கொஞ்சம் நெல்லு குடுங்க."

மிராசுதார் விருந்தினர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"போன ஜென்மத்துல நான் கொடுத்து வச்சவன், இப்ப அனுபவிக்கிறேன். நீங்க கொடுத்து வைக்கல. அதுக்கு நான் என்னடி பண்ணுவேன்? நான் சொன்னது பொய்யின்னு காட்டு, இப்பவே களஞ்சியத்தைத் திறந்துவிடறேன்."

பந்தலே சிரித்தது.

"போன ஜென்மம் எனக்குத் தெரியாதுங்க ஆண்டே," என்றாள் காத்தாயி. "இந்த ஜென்மத்துல கொடுத்தது நாங்க. வச்சுக்கிட்டது நீங்க."

சிரிப்பு நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சபையில வாக்கு கொடுத்துட்டீங்களே," என்று சம்பந்தி முணுமுணுத்தார்.

மிராசுதார் சாவியை எடுத்து மண்ணில் எறிந்தார்.

அன்று மாலை சேரியில் சோறு பொங்கியது. காத்தாயி வீட்டில் மட்டும் அந்த அரிசி வாய்க்கரிசிக்குத்தான் ஆயிற்று.