வெள்ளிக்கிழமைச் சாவி

“அடுத்த வாரத்திலிருந்து நான் வரலைக்கா,” என்றாள் மாதரசி.

ஜெசிந்தா தேநீர் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

குடியை விட நினைப்பவர்கள் வெள்ளிதோறும் கூடும் இடம் அது. ஒரு தொடக்கப்பள்ளியின் வகுப்பறை. பெரிய ஆட்கள் சின்னப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பேசுவார்கள். குழுவை நடத்துபவள் ஜெசிந்தா. சமூகப்பணி படிக்கும் மாதரசி, களப்பயிற்சிக்காகக் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து கவனிப்பாள்.

“பயிற்சி போயிடுமே?”

“போகும். டிகிரியும் போகும். எங்க வீட்டுல முதல் டிகிரி.”



“அப்புறம் ஏன்?”

“முடியலைக்கா. அழுறாங்க, சத்தியம் பண்றாங்க. மறுவாரம் பக்கத்துல போனா வாடை அடிக்குது. இதெல்லாம் எங்கப்பாகிட்டயே பாத்தாச்சு. அதையே பஸ் ஏறி வந்து பாக்கணுமா?”

ஜெசிந்தா ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

“இன்னிக்கு என்ன கோபம்?”

“கோபம் இல்லைக்கா. அலுப்பு. நாம ஏன் மழையில நின்னோம்?”

“சவரிமுத்து சாவியோட நேரத்துக்கு வரலை.”

“போன வாரம் அவர் குடிச்சிட்டு வந்தாரு. நீங்க அவர் கையிலதான் சாவியைக் கொடுத்தீங்க.”

“ஆமா.”

“அதுக்கு முந்தி வேலாயுதம் அண்ணன் குடிச்சாரு. அப்போ அவர்கிட்ட.”

“இங்க வழக்கம் அது. கடைசியா யாரு தவறினாங்களோ, அவங்க வந்து திறக்கணும்.”

“ஒழுங்கா வர்றவங்க யார்கிட்டயாவது கொடுத்தா என்ன?”

ஜெசிந்தா அடுத்த தம்ளரை எடுத்தாள்.

அன்று மாலை, கூட்டம் தொடங்கும் முன், எல்லோரும் பள்ளிக்கூடச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். கூரை ஓரம் ஒழுகியது.

“சாவியும் அவனும் சேர்ந்தே கடைக்குப் போயிருப்பாங்க,” என்றார் வேலாயுதம்.

சிரித்தார்கள்.

“நீ பேசாதே. உனக்காக நாங்க வெயில்ல காயலையா?” என்றார் பாபுஜான்.

“அதான்யா இப்ப நனையிறேன்.”

யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

பொழுது சாயும்போது சவரிமுத்து வந்தார். குடித்திருந்தார். சாவி பூட்டுக்குள் போகவில்லை. மாதரசி வாங்கித் திறக்கப் போனாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நின்றார்கள். ஒருவழியாகப் பூட்டு திறந்தது.

உள்ளே, சவரிமுத்து எல்லோருக்கும் முன்பாக எழுந்தார்.

“இன்னிக்கு வரக்கூடாதுன்னுதான் படுத்திருந்தேன்,” என்றார். “மழை வேற. நீங்கல்லாம் வெளிய நிப்பீங்க.”

அதற்கு மேல் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். பாபுஜான் அவருக்குத் தலை துவட்டத் தன் துண்டைக் கொடுத்தார்.

கழுவ வேண்டிய தம்ளர்கள் தீர்ந்துவிட்டன. ஜெசிந்தா கையைத் துடைத்தாள்.

“இன்னிக்கும் குடிச்சிட்டுத்தானே வந்தாரு?” என்றாள் மாதரசி.

“ஆமா.”

“அப்போ என்னதான் மாறுச்சு?”

“தெரியலை.”

“உங்களுக்கு அலுக்கலையா?”

“அலுக்குது.”

விளக்கை அணைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். சவரிமுத்து இன்னும் போகவில்லை. வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஜெசிந்தா பூட்டியதும் வழக்கப்படி கையை நீட்டினார்.

“இந்த வாரம் உங்களுக்கு இல்லண்ணே.”

ஜெசிந்தா சாவியை மாதரசியின் கையில் வைத்தாள்.

மாதரசி அதைப் பார்த்தாள். “அக்கா, நான் குடிக்கிறதில்லையே.”

ஜெசிந்தா குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

சவரிமுத்து அந்தப் பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“நேரத்தோட வந்துரும்மா,” என்றார். “நாங்க வெளிய நிப்போம்.”