முள்ளம்பன்றிக்குப் போர்த்திய பொன்னாடைகள்

ஆனைக்குளத்துக் கரையில், மருதமரத்து வேருக்கடியில் வளை தோண்டி ஒரு முள்ளம்பன்றி வாழ்ந்தது. அதற்குப் பாட்டுக் கிறுக்கு. என்றோ வெள்ளத்தில் மிதந்து வந்த சுவடிக்கட்டு ஒன்று அதன் கையில் சிக்கியிருந்தது. உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து, எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படிக்கும். நல்ல வரி வந்துவிட்டால் உடம்பு முழுக்க முள் சிலிர்த்துச் சலசலக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு மழை வந்துவிட்டது என்று குளத்துத் தவளைகள் கத்த ஆரம்பித்துவிடும்! பொய் என்று நினைத்தால் தவளைகளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டில் ஒரு விழாக் குழு இருந்தது. அதற்குத் தலைவர் கருமந்தி. அது ஒருநாள் கிளையில் ஏறி நின்று அறிவித்தது:

"நம் காட்டில் இலக்கியம் படிக்கிற ஒரே ஜீவன் முள்ளம்பன்றியார். அவருக்குப் பரிசு கொடுக்காவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள்?"

"என்ன கொடுக்கலாம்?" என்றது காட்டுப்பன்றி.

"இது ஒரு கேள்வியா? பொன்னாடை! கேடயம்!"

"அவருக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார். படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வேண்டாம் என்றால் நிறையக் கொடு என்று அர்த்தம்!"

அவ்வளவுதான். தேக்கிலைகளைத் தைத்து, மஞ்சள் பூசி, பொன்னாடைகள் தயாராயின. கேடயத்துக்கு மரம் வேண்டுமே! குளத்தங்கரையில் ஒரு பட்டமரம் விழுந்து மக்கிக் கிடந்தது. வெட்டச் சுலபம். அதிலேயே வெட்டி அடுக்கிவிட்டார்கள்.

விழா நாளும் வந்தது. முதல் ஆடையைப் போர்த்தியதுமே அது முள்ளில் மாட்டிக்கொண்டது. கழற்ற வரவில்லை. அதன் மேல் மான் ஒன்று போர்த்தியது. அதன் மேல் கரடி ஒன்று போர்த்தியது. கடைசியில் மேடையில் ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

அந்த மூக்கு பேசியது: "ஐயா, இதெல்லாம் எனக்கு எதுக்கு? யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டைக் கேட்டால் போதும். இத்தனை காலமாகத் தனியாகவே படித்துக்கொண்டிருக்கிறேன்."

"பார்த்தீர்களா அடக்கத்தை!" என்று கத்தியது கருமந்தி. "தட்டுங்கள் கையை!"

கைதட்டல் குளத்தைக் கலக்கியது. முள்ளம்பன்றி ஆடைக்குள்ளிருந்து கையை நீட்டி, கொண்டுவந்திருந்த சுவடியை ஆசையாகப் பிரித்தது. அதற்குள் யாரோ, "பலாச்சுளை பரிமாறுகிறார்கள்!" என்றார்கள். மேடைக்கு முன்னால் வெறும் புல்தான் மிச்சம்.

மூட்டையை உருட்டிக்கொண்டு போய் வளைக்குள் தள்ளினார்கள். சுவடிக்கட்டையும் உள்ளே வைத்து, அதைச் சுற்றிக் கேடயங்களை அடுக்கினார்கள். பரிசுகளை யாரும் திருடிவிடக் கூடாதே என்று கருமந்தியே வாசலில் காவல் உட்கார்ந்தது.

முள்ளம்பன்றியால் திரும்பக்கூட முடியவில்லை. காது மட்டும் கேட்டது. மெல்ல, மிக மெல்ல, எதையோ அரிக்கிற சத்தம்.

"மந்தியாரே! கேடயத்துக்குள் கரையான் இருக்கிறது! எடுத்து வெளியே போடுங்கள்!"

"ஆகா! புகழைக் கரையான் என்கிறார்! என்ன உவமை!"

"உவமை இல்லை ஐயா, நிஜக் கரையான்! ஏட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது!"

"அடக்கம், அடக்கம்!" என்று கருமந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மறுநாள் ஓர் அழுங்கு அந்தப் பக்கம் வந்தது. எறும்பும் கரையானும் தின்று பிழைக்கிற சாது. விழாவுக்கு அதை யாரும் அழைக்கவில்லை.

"அண்ணன் பாட்டுப் படிப்பாராமே. சும்மா உட்கார்ந்து கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கையில் என்ன?" என்றது கருமந்தி.

"ஒண்ணுமில்லீங்க."

"பெரியவர் வீட்டுக்கு வெறுங்கையோடா வருவது? மரியாதை தெரியாத ஜென்மம்!"

"உள்ளே கரையான் வாசம் அடிக்குதுங்க…"

"ஓகோ! பாட்டுக்கு வரவில்லை, சாப்பாட்டுக்கு வந்தாயா? போ! ஒரு பொன்னாடை இல்லாமல் இந்த வாசலை மிதிக்காதே!"

அழுங்கு தலைகுனிந்து போயிற்று. தேக்கிலை பொறுக்கியது. தைக்கப் பார்த்தது. புற்றை உடைக்கிற நகம் அதற்கு. தொட்ட இலையெல்லாம் கிழிந்தது. மறுபடி பொறுக்கும், மறுபடி கிழியும். எப்படியோ ஒட்டும் கிழிசலுமாக ஒன்றைத் தைத்து முடித்து, தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தது. பொன்னாடையைப் பார்த்ததும் கருமந்தி வழிவிட்டது.

உள்ளே சுவடிக்கட்டு இருந்த இடத்தில் மண் இருந்தது. கட்டியிருந்த கயிறு கூட இல்லை.

அழுங்கு தன் நகத்தாலேயே ஆடைகளைக் கிழித்து முள்ளம்பன்றியை வெளியே எடுத்தது.

"அண்ணே, பாட்டெல்லாம் மனசுல இருக்குமே?"

"இல்லை தம்பி. ஏடுதான் இருக்கிறதே என்ற தைரியத்தில் மறந்துவிட்டேன்."

அழுங்குக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாக்கை நீட்டி, மண்ணில் ஊர்ந்த கரையான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது.

முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டே இருந்தது. "மெதுவாகத் தின்னு தம்பி," என்றது. "எதற்குள் எந்தப் பாட்டு இருக்கிறதோ."

சேதி பரவியது. விழாக் குழு ஓடிவந்தது. "இலக்கியத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு!" என்று விம்மியது கருமந்தி. அதன் கையில் புதிதாக ஒரு பொன்னாடை.

இந்தத் தடவை முள்ளம்பன்றி வேண்டாம் என்று சொல்லவில்லை. குனிந்து முதுகைக் காட்டியது.

அதற்குப் பிறகு அந்த முள் சிலிர்த்ததே இல்லை. ஆனைக்குளத்துத் தவளைகள் இப்போதெல்லாம் நிஜ மழைக்கு மட்டும்தான் கத்துகின்றன.

ஒருவர் நேசிப்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நேரமில்லாதவர்கள் கொடுக்கும் பரிசு, அவர் நேசித்ததையே தின்றுவிடும்.