எறும்புக்கு வைத்த பெயர்

“பழிவாங்குறது பாவம்னு மட்டும் சொல்லிடாதீங்க சாமி. வயிறு எரியுது.”

வந்ததும் வராததுமாகத் தணிகாசலம் கொட்டிய முதல் வார்த்தை இது. ஆள் எறும்பு ஆராய்ச்சிக்காரர். சீடர்தான், ஆனால் சாமியைவிடப் பத்து வயது மூத்தவர். கோபம் மட்டும் இளங்காளைக் கோபம்.

எரியாமல் என்ன செய்யும்? இவர் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட செங்கல்வராயன், இவர் கண் நோகச் சேர்த்த ஆராய்ச்சியை அப்படியே சுருட்டித் தன் பெயரில் அச்சேற்றிவிட்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம். மாலையும் மேடையும் அவனுக்கு. நியாயம் கேட்கப் போனவருக்குப் பொறாமை பிடித்த கிழவன் என்ற பட்டம்தான் மிச்சம். சண்டாளன்!

தணிகாசலம் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தார். தேன் நிறம். கோடி வருஷங்களுக்கு முன்னால் மரத்தில் வடிந்த பிசின், மண்ணுக்குள் கிடந்து கல்லாக இறுகியது. உள்ளே ஒரு எறும்பு சிக்கிக் கிடந்தது. தலையில் கொம்பு, அரிவாள் மாதிரி வாய். அந்த இனம் இன்று உலகத்தில் எங்கும் கிடையாது.

முதலில் கண்டுபிடித்தவர் இவர். அதனால் பெயர் வைக்கும் உரிமையும் இவருக்குத்தான்.

“செங்கல்வராயன்னு வைக்கப்போறேன். பூண்டோட அழிஞ்சுபோன கோர ஜந்துக்கு அவன் பேரு. நாளைக்கே அச்சுக்குப் போகுது. ஒரு தடவ வெச்சா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. காலம் பூரா நாறட்டும். ஆசீர்வாதம் பண்ணுங்க.”

சாமி கல்லை வெயிலில் தூக்கிப் பார்த்தார். நல்ல எறும்பு என்றார்.

தணிகாசலத்துக்கு இன்னும் ஏறிவிட்டது. எறும்பைப் பற்றியா கேட்டேன் என்று சீறினார்.

“இந்தப் பேரை எப்படி எழுதுவீங்க?”

“எறும்போட பேரு. அதுக்குப் பக்கத்துலயே பேரு வெச்சவரோட பேரு. அதுதான் எங்க வழக்கம்.”

“வெச்சவர் யாரு?”

“நான்தான்.”

“அப்போ அவன் பேரு வர்ற இடத்துல எல்லாம்?”

“பக்கத்துலயே என் பேரும்...” என்று இழுத்தார் தணிகாசலம்.

“புருஷன் பெண்டாட்டி பந்தம்கூடச் செத்தா அறுந்துடும்” என்றார் சாமி.

பூஜைத் தட்டிலிருந்து ஒரு பிடி அட்சதை அள்ளி அவர் தலையில் போட்டார்.

“நீங்களும் செங்கல்வராயனும் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க.”