ஒரே ஒரு நிஜச் சிரிப்பு

முன்னொரு காலத்தில் விசயகண்டன் என்று ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் தடியோடு என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ராஜா நல்லவர்தான். யானை, குதிரை, கஜானா எதிலும் குறைவில்லை. ஆனால் தன்னைப் போல வேடிக்கையாகப் பேச இந்த ஈரேழு உலகத்திலும் ஆள் கிடையாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

தினமும் அவை கலையும் நேரத்தில் ஒரு வேடிக்கைக் கதை சொல்லுவார். முடித்ததும் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. உடனே முன்வரிசையில் பிரதானி அனந்தவல்லபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சேனாபதி தூணில் சாய்ந்து சிரிப்பார். பின்னால் இருக்கும் முந்நூறு பேரும் மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பார்கள். ராஜாவும் கம்பீரம் குலையாமல் "ஹ, ஹ, ஹ" என்று எண்ணி மூன்று சிரிப்புச் சிரித்துவிட்டு எழுந்து போவார்.

விகடகவி மருதாண்டானும் சிரிப்பான். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே! ஆனால் பாவம், ஊரைச் சிரிக்க வைத்துப் பழகியவனுக்குச் சிரிப்பே வராத கதைக்குச் சிரிப்பது வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி. சில நாள் அரை விநாடி பிந்திவிடுவான். அந்த அரை விநாடியைப் பிரதானி பார்த்து வைத்திருந்தார். விகடகவி பதவியில் தன் மைத்துனனை உட்கார்த்த வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. மைத்துனன் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தொப்பியெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டான் என்றும் கேள்வி.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது, காலையில் அவையே உருண்டு புரண்டு சிரித்த கதையை ராஜா ராணியிடம் சொன்னார். தொடையிலும் தட்டினார்.

"ம்... அப்புறம்?" என்றாள் ராணி.

"அப்புறமா? அவ்வளவுதான்."

"ஓகோ" என்று சொல்லிவிட்டு ராணி மோர் ஊற்றிக்கொண்டாள்.

அன்றைக்கு ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததுமே, "இந்த அவையில் எழும் சிரிப்பு நிஜமா, பொய்யா?" என்று கேட்டார்.

நிஜம், நிஜம் என்று முந்நூறு குரல். ஒருவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். இன்னொருவர், சிரித்துச் சிரித்துத் தமக்குக் குடலிறக்கமே வந்துவிட்டது என்றார்.

பிரதானி எழுந்தார். "மகாராஜா! எங்களைப் பரிசோதிக்க எங்களுக்கே தகுதி ஏது? சிரிப்பு மருதாண்டானுடைய தொழில். நிஜச் சிரிப்பு எது என்று அவன் காட்டட்டும். அதுகூட முடியாதவனுக்கு அரண்மனைச் சோறு எதற்கு?"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "மருதாண்டா, கேள். எட்டு நாள் தருகிறேன். அதற்குள் இதே அவையில், நான் ஐயமின்றி நம்பும்படி ஒரே ஒரு நிஜச் சிரிப்பை என் காது கேட்க வேண்டும். கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரிக்க வைத்தால் செல்லாது. தவறினால் மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விட்டுவிடுவேன்."

மருதாண்டான் கணக்குப் போட்டுப் பார்த்தான். யார் சிரித்தாலும் ராஜா நம்பப் போவதில்லை. நம்பாத காதுக்கு நிஜத்தைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? தூணுக்குத் தூண் ஒளிந்து நின்று பார்த்தான். எல்லார் பல்லும் தெரிந்தது, ஒருவர் கண்ணும் சிரிக்கவில்லை.

ஆறாம் நாள் வீட்டில் மனைவி வடிவாச்சி கேட்டாள்: "ஏங்க, சட்டி பானையை இப்பவே கட்டட்டுமா, இல்ல கழுதை வந்தப்புறம் கட்டிக்கலாமா?"

"நான் சாகக் கிடக்கேன், உனக்குக் கேலியா இருக்கா?"

"பின்ன அழவா? எதுத்த வீட்டுக்காரி எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கா. அவ முன்னாடி நான் அழுவேனா? போங்க, போயி வேற எடத்துல உக்காந்து யோசிங்க."

ஏழாம் நாள் அவன் வேறு இடத்தில்தான் உட்கார்ந்தான். சிம்மாசனத்துப் பக்கத்தை விட்டுக் கடைசி வரிசைக்குப் போனான். அன்றைய கதையை ராஜா ஆரம்பித்தார். அட! அங்கே ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. ராஜாவின் மீசை அசைவது மட்டும் தெரிந்தது. தொடையில் தட்டு விழுந்தது, மண்டபம் அதிர்ந்தது, பக்கத்தில் இருந்த மேலக்காட்டு நாட்டாமை கண்ணீர் வரச் சிரித்தார்.

"அண்ணே, ராசா என்ன சொன்னாரு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஆரு கண்டா? பன்னெண்டு வருசமா இங்கதான் குந்தியிருக்கேன், ஒண்ணும் கேட்டதில்ல. பிரதானியோட அங்கவஸ்திரம் குலுங்குச்சுன்னா சிரிக்கணும், நின்னுச்சுன்னா நிறுத்தணும். இதுல என்ன தம்பி கஷ்டம்?"

மருதாண்டான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

எட்டாம் நாள். அவை நிரம்பி வழிந்தது. வெளியே கழுதை தயார். மைத்துனன் புதுத் தொப்பியோடு வாசலில் நின்றான். மருதாண்டான் ராஜாவின் காதருகே போய், "மகாராஜா, தங்கள் ஆணையை நிறைவேற்ற ஒரே ஓர் ஒத்தாசை வேண்டும். இன்றைக்குக் கதையை மனத்துக்குள்ளேயே சொல்லுங்கள். உதடு மட்டும் அசையட்டும். வழக்கம்போலத் தொடையில் தட்டுங்கள். பிறகு பிரதானியாரிடம், எந்த இடம் பிடித்தது என்று கேளுங்கள்" என்றான்.

ராஜா புருவத்தைச் சுளித்தார். ஆனாலும் செய்தார். உதடு அசைந்தது, கை காற்றில் சுழன்றது, சத்தம் மட்டும் இல்லை. முன்வரிசையில் பிரதானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, காது செவிடாகிவிட்டதா? காட்டிக்கொள்ளலாமா? சேனாபதியை ஓரக்கண்ணால் பார்த்தார். சேனாபதி இவரை ஓரக்கண்ணால் பார்த்தார். ராஜா தொடையில் தட்டினார். அங்கவஸ்திரம் குலுங்கியது. முந்நூறு பேரும் கூரை பிய்கிற மாதிரிச் சிரித்தார்கள்.

"பிரதானியாரே, எந்த இடம் உமக்குப் பிடித்தது?"

"அ... அந்தக் கடைசி இடம், மகாராஜா! அடடா, அந்தக் கிழவி!"

"சேனாபதி, உமக்கு?"

"எனக்கும் கிழவிதான் மகாராஜா. அவள் அந்தக் கழுதையிடம் பேசினாள் பாருங்கள்!"

"கழுதையா?" என்றார் பிரதானி. கொஞ்சம் தடுமாறி, "ஆமாம், கழுதை. ஆனால் பேசியது கழுதையல்லவா?"

"இல்லை, கிழவிதான் பேசினாள். என் காதால் கேட்டேன்."

"உமக்குக் காது மந்தம் ஐயா! கழுதைதான் முதலில் பேசியது!"

"வாளின் மேல் ஆணை, கிழவிதான்!"

ராஜா உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு 'ப்ர்ர்' வெடித்தது. அப்புறம் அணை உடைந்தது. கிரீடம் சரிந்து ஒரு காதில் தொங்க, கண்ணில் நீர் வழிய, சிம்மாசனத்தில் சரிந்து, "கழுதை... ஐயோ, கழுதை பேசிச்சாம்!" என்று விக்கி விக்கிச் சிரித்தார்.

அவையில் ஒருவரும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. 'ஹ, ஹ, ஹ' என்று மூன்று சிரிப்புத்தான் அவர்களுக்குத் தெரியும். இது என்னவென்றே ஒருவருக்கும் புரியவில்லை. மகாராஜாவுக்கு வலிப்பு என்று நினைத்து அரண்மனை வைத்தியர் இரும்புச் சாவியோடு ஓடிவந்தார். அதைப் பார்த்து ராஜாவுக்கு இன்னும் அதிகமாகச் சிரிப்பு வந்தது.

மருதாண்டான் கைகட்டி முன்னால் வந்தான். "மகாராஜா! இதே அவையில், தங்கள் காது கேட்க, ஐயமின்றி நம்பும்படி ஒரு நிஜச் சிரிப்பு. யாருடைய வாயிலிருந்து வர வேண்டும் என்று தாங்கள் கட்டளையிடவில்லை."

"இது மோசடி!" என்று பிரதானி குதித்தார்.

"சும்மா இரும்!" ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "மருதாண்டா, உண்மையைச் சொல். இத்தனை வருஷமாக நான் சொன்ன கதைகள் எல்லாம்...?"

கழுதை இன்னும் வாசலில்தான் நின்றது. ஆனாலும் இன்று பொய் சொல்ல மருதாண்டானுக்கு வாய் வரவில்லை.

"மகாராஜா, இதுவரை தாங்கள் சொன்ன எல்லாவற்றிலும், இன்றைக்குச் சொன்னதுதான் உசத்தி."

ராஜா மறுபடியும் சிம்மாசனத்தில் சாய்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தார். தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். தோப்போடு ஒரு வீடும், வடிவாச்சிக்கு ஒரு ஜோடிப் பொன்வளையலும் கொடுக்கச் சொன்னார்.

"பிரதானியாரே! அந்தக் கிழவி, கழுதை கதை எனக்கு முழுதாகத் தெரிய வேண்டும். நாளைக்கு நீர் எழுந்து நின்று அவைக்குச் சொல்லும். சிரிப்பு வந்தவன் சிரிக்கட்டும், வராதவன் சும்மா இருக்கட்டும். இது என் ஆணை."

மறுநாள் பிரதானி எழுந்து நின்று அந்தக் கதையைச் சொன்னார். சொல்லி முடித்துத் தொடையில் தட்டினார். முந்நூறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.