ஹார்ட் டிஸ்க் கொட்டிய கெட்டிமேளம்

ஆலங்கிணறு ஊர்க்காரர்களைப் பற்றி நான் பொய் சொல்லவே வேண்டாம். நடந்ததைச் சொன்னாலே போதும்.

அந்த ஊரில் விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடும் ரேடியோ செட் வைத்திருந்தவர்கள் சங்கையா, பூவலிங்கம், கொண்டல்ராசு என்று மூன்று அண்ணன் தம்பிகள். அவர்களுடைய தங்கை செண்பகவல்லிக்குக் கல்யாணம். "மேளக்காரர் எதுக்கு? நம்ம ஹார்ட் டிஸ்க்குலயே கெட்டிமேளம் இருக்கே!" என்று சங்கையா நாதஸ்வரத்துக்கு ஆளே சொல்லவில்லை.

மாப்பிள்ளை குருசங்கர் பக்கத்து ஊர்தான், ஆனால் புத்தியில் ஆலங்கிணறு. மணவறையில் உட்கார்ந்ததுமே கறாராகச் சொல்லிவிட்டான்: "கெட்டிமேளம் கேட்டா முடிச்சுப் போடுவேன். கேக்கலைன்னா தாலி தட்டுலயே கிடக்கட்டும்."

முகூர்த்தம் நெருங்குகிறது. ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் கம்ப்யூட்டர் அதைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. செண்பகவல்லி மாலையும் கழுத்துமாக அழ ஆரம்பித்துவிட்டாள். பாவம், அவளுக்கு இதுதான் முதல் கல்யாணம்.

சங்கையா கோயம்புத்தூருக்குப் போன் போட்டான். அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தனபால் மச்சான்தான், வைரஸ் தொல்லை வேண்டாமென்று இவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர்.

"மச்சான், டிஸ்க் மவுண்ட் ஆகலைன்னு வருது."

"நேத்து எப்படிடா கழட்டினீங்க?"

"நீங்க சொன்னபடிதான். வேலை முடிஞ்சதும் கழட்டுங்கன்னீங்க. எங்க வேலை முடிஞ்சுது, கழட்டிட்டோம். அதுதான் இன்னும் வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சு."

தனபால் பெருமூச்சு விட்டார். "சரி, ஸ்கிரீன்ல இருக்கறதை ஒண்ணு விடாம படிங்க."

பூவலிங்கம் குனிந்து படித்தான். "ஒன்பது பன்னிரண்டு."

"அது மணிடா!"

"ஒண்ணு விடாமன்னீங்களே மச்சான். இப்ப ஒன்பது பதிமூணு. அப்புறம், இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு."

"அப்ப அனுமதியோடதான் செய்யணும். லைன்லயே இருங்க, வர்றேன்" என்று தனபால் கடைக்கு வந்த ஆளைக் கவனிக்கப் போனார்.

"அனுமதியை யார் குடுக்கணும்?" என்றான் கொண்டல்ராசு.

"நான்தானே மூத்தவன்? குடுத்தேன்" என்றான் சங்கையா. கம்ப்யூட்டர் அசையவில்லை.

"கல்யாணக் காரியம்ணே. தாய்மாமன் சொல்லாம நடக்குமா?" என்றான் பூவலிங்கம்.

அதிலும் நியாயம் இருக்கிறதே! பந்தியில் பாதி இட்லியில் இருந்த தாய்மாமன் பரமகுருவை எழுப்பி, வெற்றிலை பாக்குத் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினார்கள். "எனக்குப் பரிபூரண சம்மதம்" என்று ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னார் பரமகுரு. அது ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. மரியாதை தெரியாத வீடு என்று முறைத்துக்கொண்டு இட்லிக்கே திரும்பிப் போய்விட்டார்.

தனபால் மறுபடி லைனுக்கு வந்தார். "பாஸ்வேர்டு அடிங்க. அடிக்கும்போது ஒண்ணும் தெரியாது, பயந்துராதீங்க."

அடிக்கிற எழுத்து ஸ்கிரீனில் தெரியாது என்றுதான் அவர் சொன்னது. கொண்டல்ராசு விரலை நீட்டியவன் அப்படியே நின்றான். "அண்ணே, எனக்கு எல்லாம் தெரியுதே! கடிகாரம் தெரியுது, மாமா இட்லி சாப்பிடறது தெரியுது!"

அண்ணன்மார் இருவரும் கலந்து பேசி, அவன் கண்ணைத் துண்டால் இறுகக் கட்டினார்கள்.

"இப்ப?"

"சுத்தமா ஒண்ணும் தெரியலைண்ணே!"

"அப்ப அடி!"

அடித்தான். அது சரியாகவும் விழுந்து தொலைத்தது. இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் அதெல்லாம் அமையும். அப்புறம் தனபால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, பழுது பார்க்கும் கட்டளையையும் அடித்தார்கள். டிஸ்க் திறந்துகொண்டது!

"கெட்டிமேளத்தைப் போடுங்க. அதுக்கப்புறம் நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது, ஆமா!" என்று தனபால் போனை வைத்தார்.

மேளம் முழங்கியது. குருசங்கர் முடிச்சுப் போட்டான், அட்சதை பறந்தது, செண்பகவல்லி சிரித்தாள். எனக்கே கண் கலங்கிவிட்டது, போங்கள்.

ஆனால் சாமி பாட்டு திரும்பத் திரும்ப ஓடட்டும் என்று எப்போதோ செய்து வைத்த ஏற்பாடு அப்படியே இருந்தது. மேளம் முடிந்த கையோடு மறுபடி ஆரம்பித்தது. கேட்டதும் குருசங்கர் இன்னொரு முடிச்சுப் போட்டான். சொன்ன சொல் தவறாத பையன். ஜனங்களும் இன்னொரு பிடி அட்சதை போட்டார்கள்.

"நிறுத்துங்கடா அதை!" என்று ஓடி வந்தார் பரமகுரு.

"தொடாதீங்க மாமா!" சங்கையா குறுக்கே விழுந்தான். "மச்சான் சொல்லணும்."

"அப்ப அவரைக் கேளேண்டா!"

அந்த நேரம் பார்த்து மேசைமேல் போன் அடித்தது. தனபால்தான். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தார்கள்.

"எடுங்கடா!"

"எடுக்கணும்னா தொடணுமே மாமா."

மத்தியானம் வரை மேளம் ஓயவில்லை. தாலிக்கயிற்றில் இடமில்லாமல் போய், மாப்பிள்ளை பெண்ணின் முந்தானையில் முடிச்சுப் போட ஆரம்பித்தான். அட்சதை தீர்ந்தது. ஜனங்கள் பந்திச் சோற்றை அள்ளி வந்து போட்டார்கள். சோறு மணமக்களின் இடுப்பு வரை வந்தபோது, சமையல்காரர் இரண்டு வாளிகளோடு மணவறை ஏறி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"சாம்பார் ஊத்தட்டுமா, வத்தக்குழம்பு ஊத்தட்டுமா?"