எட்டு நொடி நட்சத்திரம்

தணிகைமலை, ஹெப்சிபா அம்மாவிடம் எடிட்டிங் கற்றவர். கற்று முப்பது வருஷம் ஆச்சு, தலையும் நரைச்சாச்சு. ஆனாலும் ஒரு சந்தேகம் வந்தால் சாலிகிராமத்தில் அந்த அம்மா வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

அன்றைக்கு வந்தது 'நிலா நிலையம் ஏழு' விஷயமாக. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்த விண்வெளித் தொடர் அது. அதற்கு டைட்டில் வெட்டி ஒட்டியது ஹெப்சிபா அம்மா. இப்போது போனில் பார்க்கிற மாதிரி மறுபடி விடப்போகிறார்கள். வேலை தணிகைமலை கையில்.

"ராக்கெட் போனதும் எட்டு நொடி வெறும் நட்சத்திரம் வருதேம்மா, அதைத் தூக்கிடுன்னு கம்பெனியில சொல்றாங்க. எனக்கு மனசு வரல. மூணு மணிக்குள்ள காரணம் சொன்னா விட்டுடுவாங்களாம்."

"என்ன சொல்லப் போற?"

பையிலிருந்து பதினோரு பக்கம் எடுத்தார். "அந்த வெறுமை மனுஷனோட தனிமை. ராக்கெட் அவனோட ஆசை. ஆசை அடங்கின இடத்துல..."

"அடேங்கப்பா. நானா இவ்வளவு யோசிச்சேன்?"

"இல்லையாம்மா?"

"டிவியில போடு."

போட்டார். மியூசிக் எழுந்தது. நிலா சுழன்றது. ராக்கெட் போனது. நட்சத்திரம் வந்ததும் அந்த அம்மா, கீரை ஆய்ந்த முறத்தைத் தூக்கிக்கொண்டு டிவிக்குக் குறுக்கே நடந்தார். உடனே திரும்பி ஒரு முக்காலியோடு இந்தப் பக்கம் வந்தார்.

"அம்மா, மறைக்குது!"

"என்ன மறைஞ்சுது?"

"நட்சத்திரம்தான்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அதற்குள் பேர் வர ஆரம்பித்தது. அந்த அம்மா முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எங்க தெருவுக்கே ஒரு டிவி, தணிகை. மியூசிக் கேட்டாத்தான் சனம் வீட்டை விட்டுக் கிளம்பும். உலையை இறக்கிட்டு ஒருத்தி, பாதிக் குளியல்ல ஒருத்தன். வந்து, முன்னாடி இருக்கிறவனைத் தாண்டி உட்காரணும். அந்த நேரம் நடிகர் பேரைப் போட்டா அடிதடிதான். அதான் கொஞ்சம் நட்சத்திரத்தை ஒட்டிவிட்டேன்."

தணிகைமலைக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகம் வாடியது. பதினோரு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இப்போ யாரும் குறுக்கே போறதில்லையேம்மா. அவனவன் கையில ஒரு டிவி. அப்போ வெட்டிடலாமா?"

"நீ எங்க பார்த்தே இதை?"

"அரக்கோணத்துல. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல, எங்க லைன்ல ஒரு ரயில் கார்டு வீட்டுல."

"இன்னொரு தடவை போடு. இந்தத் தடவை நான் எந்திரிக்க மாட்டேன்."

போட்டார். நிலா. ராக்கெட். நட்சத்திரம். தணிகைமலை சட்டென்று அதை அப்படியே நிறுத்தினார்.

"எங்க பூரணி அக்கா குறுக்கே போகுதும்மா. பாதிப் பின்னலோட. சீப்பு தலையிலயே சொருகியிருக்கு."

பூரணி இறந்து பத்தொன்பது வருஷம். அது ஹெப்சிபா அம்மாவுக்கும் தெரியும்.

"உட்கார்ந்துட்டாளா?"

"இன்னும் இல்ல."

"அப்போ பொறு."