முகம் காட்டாத வீடியோ

இளம்பிள்ளையில் ஒரு புடவைக் கடை. அங்கே தினமும் போனில் நேரலை போட்டுப் புடவை விற்பவள் மாதேஸ்வரி. புருஷன் இறந்து நாற்பது நாள் கழித்து அன்றுதான் வேலைக்குத் திரும்பினாள்.

அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்ததும் முதலாளி பொன்னுரங்கம் முகம் சுளித்தார். "விக்கப்போறது முகூர்த்தப் புடவை. வீடியோவில உன் கை மட்டும் தெரியட்டும், முகம் தெரியக்கூடாது. முப்பது புடவையும் இன்னைக்கே வித்தாகணும். இல்லேன்னா நாளைக்கு வராதே."

"சரிங்க முதலாளி." அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது.

நேரலை தொடங்கியது. "அக்கா குரல் கேக்குது, ஆளைக் காணோமே! முகத்தைக் காட்டுங்க, அப்பத்தான் வாங்குவோம்" என்று பெண்கள் எழுதினார்கள். ஒரு புடவைகூடப் போகவில்லை.

"உன் முகத்தைத் தவிர எந்த முகத்தையாவது காட்டித் தொலையேன்!" என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

மாதேஸ்வரி கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தின் பக்கம் போனைத் திருப்பினாள்.

"கண்ணுங்களா, இவங்க நம்ம முதலாளியோட அம்மா. இருபத்தஞ்சு வயசில தாலியை இழந்து, தலையில புடவை மூட்டை சுமந்து தெருத்தெருவா வித்தவங்க. இவங்ககிட்ட முகூர்த்தப் புடவை வாங்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

"எங்கம்மா கல்யாணப் புடவை அவங்க குடுத்ததுதான்!" என்று ஒருத்தி எழுதினாள். "எங்கத்தைக்கும்!" என்றாள் இன்னொருத்தி.

முதலாளி அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரே போனை வாங்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

இத்தனை நாள் கண்ணாடியே பார்க்காதவள் திரையில் தன் நெற்றியைப் பார்த்தாள். "அக்கா, பொட்டு எங்கே?" என்று கேட்டிருந்தார்கள்.

மாதேஸ்வரி ஓர் அரக்குப் புடவையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்ச நிறம்ங்க" என்றாள்.